வேலிக்கு வெளியே முப்பத்தொன்று

கல்லறைகளை எண்ணியவன் நான்தான். அறிக்கையின் நாற்பத்தாறாம் பக்கத்தில் "பாதிக்கப்படும் கல்லறைகள்: இல்லை" என்று அச்சடித்திருந்தார்கள். அந்த "இல்லை" என்னுடையது.

1988, ஆகஸ்டு. சுங்கைப் பட்டாணியிலிருந்து வடக்கே போகும் சாலையில் மூன்று கிலோமீட்டரை நான்கு தடமாக அகலப்படுத்தப் போகிறார்கள் என்றார்கள். பெரிய சாலை வேலை என்றால் முதலில் சுற்றுச்சூழல் ஆய்வு செய்ய வேண்டும், மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்று அப்போதுதான் விதி வந்திருந்தது. யாருக்கும் அது பழகவில்லை. பினாங்கிலிருந்து ஓர் ஆய்வு நிறுவனம் வந்தது. சாலையோரத்தில் இருப்பதையெல்லாம் எண்ண அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது.

நான் பக்கார் ஆராங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பாலிடெக்னிக்கை இரண்டாம் ஆண்டில் விட்டவன். அளவு நாடா பிடிக்கத் தெரியும் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். காலை ஏழுக்கு ஷிப்ட் முடியும். எட்டுக்குச் சாலையில் நிற்பேன்.

எனக்கு மேலாள் எர்னஸ்ட். பட்டணத்துக் கத்தோலிக்கக் குடும்பம், ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ஒருவரின் மகன். நாற்பது வயது. வெயிலுக்குத் தொப்பி, கையில் ரேடியோ. அவர் நிழலில் உட்காருவார். நான் எண்ணுவேன். இருபது மீட்டருக்கு ஒரு முளை அடித்திருந்தார்கள். முளைக்கு முளை ஒரு தாள். வீடு, கடை, மரம், கால்வாய், கிணறு, வழிபாட்டிடம், கல்லறை, இதர. ஐந்து ஐந்தாகக் கோடு போட்டுக்கொண்டே போக வேண்டும்.

கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் அறுபத்து நான்காம் முளையில் தொடங்கியது. முள்கம்பி வேலி. வேலிக்கும் சாலைக் கால்வாய்க்கும் நடுவில் மூன்று மீட்டர் அகலத்துக்கு லாலான் புல் மண்டிக் கிடந்தது. புதிய சாலையின் எல்லை வேலியைத் தொட்டு நின்றது, உள்ளே போகவில்லை.

"டேய் பரஞ்சோதி, தூங்கிக்கிட்டே எண்ணாதடா. செத்தவன் எழுந்து வந்து என்னை வுட்டுட்டியேன்னு கேக்கப் போறான்" என்றார் எர்னஸ்ட்.

"கேட்டா உங்க ஆளுதானண்ணே. நீங்களே பேசிக்குங்க."

"எங்க ஆளு இங்கிலீஷ்ல கேப்பான்லா. ஒனக்குப் புரியாது."

வேலிக்கு உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு. சாலை எல்லைக்குள் ஒன்றுமில்லை. கல்லறைக் கட்டத்தில் கோடு அடித்துவிட்டு லாலானுக்குள் நாடாவை இழுத்தேன். அங்கே மங்குகள் இருந்தன.

ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்கு. மண்ணில் சுட்டு உள்ளே மெருகு பூசிய பழைய வகை. ஒவ்வொன்றும் கவிழ்ந்து, பாதி மண்ணுக்குள் அழுந்தி இருந்தது. எஸ்டேட்டில் பிறந்தவன் மங்கு தரையில் கிடப்பதைப் பார்த்தால் எடுத்து அடுக்குவான், யோசிக்க மாட்டான். ஒரு மங்கு குறைந்தால் கங்காணி அப்பாவைத் திட்டுவார், அப்பா வீட்டுக்கு வந்து எங்களை அடிப்பார். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எங்கள் கைக்குப் பழகிய வேலை அது. அங்கே ஒரு மலாய்ப் பையனையோ சீனப் பையனையோ எண்ண விட்டிருந்தால் தாண்டிப் போயிருப்பான். நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன். யாரோ எஸ்டேட்டில் திருடிக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். இதர என்ற கட்டத்தில் எழுதினேன்: பழைய மங்கு, 31. அடுக்கைச் சாலையோரம் வைத்தேன். மறுநாள் புல் வெட்டும் லோரி எடுத்துப் போய்விட்டது.

எர்னஸ்ட் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "ஒரு கல்லறையும் போவல. நம்ம வேலை சுளுவாப் போச்சு."

அடுத்த வாரம் சத்தம் அளக்கும் மீட்டரைக் கொடுத்தார்கள். அரை நிமிடத்துக்கு ஒரு முறை முள்ளைப் பார்த்து எண்ணை எழுத வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு. வண்டி போகாத நேரத்தில் மற்ற இடங்களில் ஐம்பதுக்குக் கீழே இறங்கும். அறுபத்து நான்கில் இறங்கவில்லை. சாலை காலி. காற்று இல்லை. முள் ஐம்பத்தேழில் நின்றது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"பேட்டரி வீக்" என்றார் எர்னஸ்ட். புதுப் பேட்டரி போட்டார். ஐம்பத்தேழு. "சரி, எழுதிட்டுப் போலாம். சராசரிதானே போடப் போறாங்க."

இரண்டாம் சுற்று அளக்கப் போனபோது அந்த அம்மாளைப் பார்த்தேன். வெளுத்த கைலி, எஸ்டேட்டில் பால் வெட்டுபவர்கள் போடும் முழுக்கைச் சட்டை. நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயதிருக்கும். லாலானைக் காலால் விலக்கி, நின்று, திரும்பி, மறுபடி விலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வந்தாள்.

"தம்பி, இந்த எடத்துல மங்கு இருந்திச்சி. பாத்தியா?"

"என்ன மங்கு?"

"பால் மங்குதான். கவுத்து வச்சிருக்கும்."

"இல்லக்கா. பாக்கல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்க எனக்கு ஒன்றுமில்லை. வாய் சொல்லிவிட்டது.

"ஒண்ணு ரெண்டு இல்ல தம்பி. நெறைய" என்றாள். பிறகு, நான் கேட்காமலே, "எம்புள்ள இங்கதான் இருக்கு" என்றாள்.

அவள் பெயர் லூர்து மேரி. நான்கு கட்டை, அதாவது நான்கு மைல், தள்ளி ஓர் எஸ்டேட்டில் இன்னும் பால் வெட்டுகிறாள். 1961இல் தலைப்பிள்ளை லயத்து வீட்டில் பிறந்தது. ஒரு மணி நேரம் மூச்சு இருந்தது.

"தண்ணி ஊத்தி பேரு வைக்க உபதேசியாரத்தான் கூப்புடணும்னு எங்க மாமியா ஓடுச்சு. அவரு சைக்கிள்ல வர்றதுக்குள்ள போயிடிச்சி. பெறவு ஃபாதர் சொன்னாரு, அவசரத்துக்கு யாரு வேணாலும் ஊத்தலாமாம். எங்களுக்கு என்னா தெரியும்? பக்கத்து வூட்டு ராக்காயி, அது நம்ம வேதம்கூட இல்ல, அது ஊத்தியிருந்தாலும் செல்லுமாம். அது கையில சொம்போடதான் தம்பி நின்னுச்சு. வெந்நி கொண்டாந்துச்சு."

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு அந்தக் காலத்தில் மந்திரித்த மண்ணில் இடமில்லை. வேலிக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள். பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்தும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக, துணியில் சுற்றி, பெட்டி இல்லாமல்.

"செலுவ வைக்கக் கூடாதுன்னாங்க. மங்கு வைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல" என்றாள் லூர்து மேரி. "இப்ப வர்ற ஃபாதருங்க அப்படியெல்லாம் இல்ல. உள்ளாற வச்சிக்கலாங்கிறாங்க. ஆனா வெளிய இருக்கறத யாரு எடுத்து வச்சா?"

"ரோட்டு வேலை வருதுக்கா."

"தெரியும். அதான் எடுத்துடலாம்னு வந்தேன். மங்கு இருந்தாத்தானே எதுன்னு தெரியும்? எம்புள்ள மங்குல வெளிம்புல மூணு கோடு போட்டிருந்தாரு எங்க வூட்டுக்காரரு. அவரும் போயிட்டாரு."

நான் மீட்டரைப் பார்த்தேன். எழுத வேண்டிய நேரம் தாண்டியிருந்தது.

அன்றிலிருந்து பகலில் தூக்கம் கெட்டது. ஜன்னலில் அட்டை ஒட்டி, காதில் பஞ்சு வைத்துப் படுப்பேன். கண்ணை மூடினால் கை வேலை செய்யத் தொடங்கும். குனி, பிடுங்கு, தட்டு, அடுக்கு. ஈர மண்ணிலிருந்து மங்கு பெயரும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். உதட்டைப் பிரிப்பது போல. எடுத்த அன்று அதை நான் கவனிக்கவில்லை. இப்போது முப்பத்தொரு முறை கேட்டது. தொழிற்சாலையில் தட்டிலிருந்து மின்சில்லைத் தூக்கும்போது கேட்டது. பஸ்ஸில், சாலை ஈரமாக இருந்தால், சக்கரத்துக்கு அடியிலிருந்து கேட்டது. நான் பேய்க்குப் பயந்தவன் இல்லை. பேய் என்றால் பூசாரியிடம் போகலாம். இதற்கு யாரிடம் போவது?

ஒரு நாள் நடு மத்தியானம் தனியாக அறுபத்து நான்குக்குப் போய்த் தடம் தேடினேன். மங்கு இருந்த இடத்தில் வட்டமாகப் பள்ளம் இருக்க வேண்டும். மூன்று வாரம் மழை பெய்திருந்தது. லாலான் இடுப்பு வரை வந்துவிட்டது. மண்டியிட்டுக் கையால் தடவினேன். எல்லாம் ஒரே சமமாக இருந்தது. கைப்பிடி மண் சூடாக இருந்தது, வெயில்தான்.

அக்டோபர் கடைசியில் அறிக்கை வந்தது. நில அலுவலகத்தில் ஒரு மேசை போட்டு வைத்திருந்தார்கள். மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் நாற்பத்தாறாம் பக்கத்தைப் படித்துவிட்டு எர்னஸ்டைத் தேடிப் போனேன். சந்தைக்குப் பின்னால் காப்பிக் கடையில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மங்கு கல்லறையாடா?" என்றார்.

"அவங்களுக்கு அதான்."

"எங்க தங்கச்சி ஆஸ்பத்திரில பொறந்து செத்துச்சு. நர்ஸு தண்ணி ஊத்திட்டா. உள்ளதான் இருக்கு, பளிங்குக் கல்லோட. இது எஸ்டேட் விஷயம்லா, தம்பி. படிக்காத ஜனங்க செஞ்ச கூத்து."

"நம்ம கணக்குல இல்லன்னு போட்டது தப்புண்ணே."

"நம்ம கணக்கு சரிதான். வேலிக்கு உள்ள எண்ணச் சொன்னான், எண்ணுன. அடக்கப் புத்தகத்துல பேரு இருக்கா? நான் கோயில்லயே பாத்துட்டேன், இல்ல. அப்பறம் என்ன?" காப்பியைக் குடித்து முடித்தார். "நீ கூட்டத்துல எந்திரிச்சி பேசுனா கம்பெனி ஒன்ன மறுபடி கூப்புடாது. என்னையும் கேப்பான். பாத்துக்க."

கோயில் புத்தகத்தை அவராகவே போய்ப் பார்த்திருக்கிறார். நான் வந்து சொல்வதற்கு முன்பே.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை நகர மண்டபத்தில் கருத்துக் கேட்டார்கள். மேடையில் நான்கு அதிகாரிகள், சுவரில் வரைபடம். கடைக்காரர்கள் வண்டி நிறுத்த இடம் கேட்டார்கள். ஒரு தவ்கே, சீன முதலாளி, அரை மணி நேரம் வடிகாலைப் பற்றிப் பேசினார். கடைசி வரிசையில் லூர்து மேரி நான்கு பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணிக்கு எழுந்தாள்.

"அனாக் சாயா டி சானா, துவான்" என்றாள். என் பிள்ளை அங்கே இருக்கிறது, ஐயா.

தலைமை தாங்கிய அதிகாரி கெட்டவர் இல்லை. எங்கே என்று கேட்டார். வரைபடத்தில் காட்டச் சொன்னார். அவளுக்கு வரைபடம் புரியவில்லை, வேலிக்கு வெளியே என்றாள். பெயர் என்ன என்றார்.

"பேர் இல்லை."

புதைத்ததற்குச் சீட்டு இருக்கிறதா என்றார். இல்லை. அடையாளம்? இருந்தது, காணோம். என்ன அடையாளம்? "மங்கோக் கெத்தா" என்றாள், ரப்பர் மங்கு. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி பேனாவை மூடிக்கொண்டே, வருந்துகிறேன், எங்கள் ஆய்வில் அங்கே ஒன்றும் இல்லையே என்றார். உண்மையிலேயே வருந்தினார். லூர்து மேரி உட்காரவில்லை. பக்கத்துப் பெண் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

நான் எழுந்து, தாளில் எழுதும் முன் எண்ணிக்கை போட்டு வைக்கும் என் குறிப்பேட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். எழுதிய பக்கத்தைத் திறந்தேன். ஆறு கட்டுக் கோடு, ஒரு தனிக் கோடு. "முப்பத்தொன்று இருந்தது. அறுபத்து நான்குக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில். எடுத்தது நான்" என்றேன்.

மண்டபத்தில் மலாயில் சொன்னேன். திரும்பி அவளைப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "நாந்தாங்கா எடுத்தேன். அன்னிக்குப் பொய் சொன்னேன்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "மூணு கோடு போட்டது எந்தப் பக்கம் இருந்திச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை.

அதிகாரிகள் தங்களுக்குள் பேசினார்கள். தார் போடும் முன், அந்த இருபது மீட்டரைக் கையால் தோண்டிப் பார்க்க நான்கு நாள் கொடுப்பதாக எழுதிக்கொண்டார்கள். அரை மீட்டர் ஆழம். எர்னஸ்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நிறுவனம் என்னை மறுபடி கூப்பிடவில்லை.

ஜனவரியில் தோண்டினார்கள். சாலை வேலை எடுத்த குத்தகைக்காரர் ஆறு ஆளைக் கொடுத்தார். பாதிரியார் வந்து, வேலிக்கு உள்ளே ஒரு பெரிய குழி வெட்டி வைக்கச் சொன்னார். முதல் நாள் காலை பதினேழு பெண்கள் வந்திருந்தார்கள். சிலர் யான் ஊர்ப் பக்கத்திலிருந்து, ஒருத்தி ஜித்ராவிலிருந்து, கல்யாணம் ஆன மகளோடு. இரண்டு மணி நேரம் தோண்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை. செம்மண். அதில் பிள்ளை எலும்பு இருபது, முப்பது வருடம் நிற்காது என்று ஓர் ஆள் சொன்னான். ஒரு சட்டைப் பித்தான் கிடைத்தது. அது யாருடையதும் இல்லை.

அப்புறம் பெண்கள் என் பக்கம் திரும்பினார்கள். எலும்பு இல்லாவிட்டால் மண்ணையாவது எடுத்து வைக்கலாம், ஆளுக்கு ஒரு கூடை, அவரவர் இடத்திலிருந்து என்றார்கள்.

"நீதானே தம்பி எடுத்த? எங்கேந்து எடுத்தன்னு காட்டு" என்றாள் ஜித்ராக்காரி. அவள் பெயர் கேதரின். கூடைக்குள் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பதினேழு கூடைகளைப் பார்த்தேன். கையில் இருந்த குச்சியால் காட்டத் தொடங்கினேன். இங்கே ஒன்று. இங்கே ஒன்று. பெண்கள் வந்து நின்றார்கள். கேதரின் ஓர் இடத்தில் உட்கார்ந்து தரையில் கை வைத்து, "இதாத்தான் இருக்கும், மரம் இந்தப் பக்கம் இருந்திச்சி" என்று மகளிடம் சொன்னாள். நான் முப்பத்தொன்றையும் காட்டி முடித்தேன்.

லூர்து மேரி எங்கும் நிற்கவில்லை. கால்வாய்க் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"நீ எந்த எஸ்டேட்டு தம்பி?"

சொன்னேன்.

"தெரியிது. வரிசையா, ஒரே தூரத்துல காட்டுற. புள்ளைங்கள நாங்க கன்னு நடுற மாதிரியா நட்டோம்? இருட்டுல வந்து கெடச்ச எடத்துல வச்சோம்."

நான் குச்சியைக் கீழே போட்டேன்.

"அவளுங்க கிட்ட சொல்லாத" என்றாள். பிறகு சத்தமாக, எல்லோருக்கும் கேட்க, "கூடையெல்லாம் வேணாம். எனக்கு நெனவு சரியா இல்ல, ஒங்களுக்கும் இருக்காது. மொத்த மண்ணையும் உள்ள கொண்டு போயிடுவோம். ஒண்ணும் வெளிய நிக்கக் கூடாது" என்றாள்.

கொஞ்ச நேரம் சண்டை நடந்தது. கேதரின் கூடையை விடவில்லை. "மத்தவ புள்ளையோட எதுக்கு கலக்கணும்?" என்றாள். "இத்தன வருசமா கலந்துதானடி கெடக்குது" என்றாள் லூர்து மேரி. கேதரின் தன் கூடையை நிரப்பிக்கொண்டாள், பிறகு அவளும் மண் சுமந்தாள்.

நான்கு நாள். நான் ஷிப்ட் முடிந்து நேராக வந்தேன். ஆட்கள் வெட்ட வெட்ட, பெண்கள் வேலிக் கம்பியை அறுத்த வழியாக உள்ளே கொண்டுபோய்க் கொட்டினார்கள். நான்காம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அரை மீட்டர் முடிந்தது. மேஸ்திரி அளவுகோலை வைத்துக் காட்டி ஆட்களை அனுப்பிவிட்டார். பாதிரியார் ஜெபம் சொன்னார். பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார்கள்.

லூர்து மேரி பள்ளத்துக்குள் இறங்கினாள். விளிம்பு அவள் முழங்காலுக்கு வந்தது. அங்கேயே நின்றாள்.

"ஏறி வாக்கா" என்றேன்.

"மொழங்கால் ஆழம் தோண்டினேன்னுதான் எங்க வூட்டுக்காரரு சொன்னாரு." விளிம்பைக் கையால் தொட்டாள். "இது என் மொழங்காலு. அவரு நெட்டை."

மேஸ்திரி ஐந்து மணி வரைதான் நேரம் என்றார், நாளைக் காலை கல் லோரி வருகிறது. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தென்கோடியிலிருந்து ஆரம்பித்தேன். இன்னும் நான்கு விரல் ஆழம், மூன்று மீட்டர் அகலம். நான் வெட்டினேன், அவள் அள்ளிச் சுமந்தாள். நான்கு மணிக்கு என் கை தோல் உரிந்தது. அவள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கொடுத்தாள். லோரிச் சக்கரங்கள் எங்கள் தோள் உயரத்தில் போய்க்கொண்டிருந்தன. ஒருவன் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, புதையலா என்று கத்தினான்.

ஐந்து மணிக்கு மேஸ்திரி வந்து கரையில் நின்றார். கால் மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார். அதற்குப் பிறகு கடிகாரத்தைக் காட்டினார்.

பதினான்கு மீட்டர் முடிந்திருந்தது. ஆறு மீட்டர் மீதி.

லூர்து மேரி அந்த ஆறு மீட்டரின் முனைக்குப் போய் நின்று, வடகோடி வரை நடந்து, திரும்பி வந்தாள். அங்கே ஒரு தடவை, இங்கே ஒரு தடவை நின்றாள். "இதுல இருக்காது" என்றாள். என்னைக் கேட்பது போலச் சொன்னாள்.

"இருக்காதுக்கா" என்றேன்.

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு கால்வாயில் காலைக் கழுவிக்கொண்டு ஏறினாள்.